பதின்மூன்று சீசன் ஊதா நிறம்: எஃப்சி ஆன்யாங், ஒரு நீண்ட கால அனுபவப் பகிர்வு

முதலில் ஒரு எச்சரிக்கை. கொரியக் கால்பந்துப் புள்ளிவிவரத் தளங்களில் ‘ஆன்யாங்’ என்று தேடினால் இரண்டு கிளப்கள் வந்து நிற்கும். ஒன்று ஆன்யாங் எல்ஜி சீட்டாஸ்: 2000-இல் கே லீக் சாம்பியன். இன்னொன்று எஃப்சி ஆன்யாங்: 2013-இல் பிறந்தது, இரண்டாம் டிவிஷனில் 12 சீசன் கிடந்து 2025-இல்தான் முதல் டிவிஷனுக்கு வந்தது. ஊர் ஒன்று (சியோலுக்குத் தெற்கே இருக்கும் ஆன்யாங்), ரசிகர்களில் பெரும் பகுதி அதே ஆட்கள். ஆனால் பதிவேட்டின்படி இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த 2000 பட்டம் இன்று எஃப்சி சியோல் அலமாரியில் இருக்கிறது. புதிதாக இந்த கிளப்பைப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். இதைத் தாண்டிவிட்டால் மீதி எளிது.

பழைய கதையைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொள்ள வேண்டும். 1983-இல் ‘லக்கி கோல்ட்ஸ்டார்’ (பின்னாளில் எல்ஜி) என்ற பெயரில் ஒரு நிறுவன அணி தொடங்கியது. முதலில் சுங்சியோங் பகுதி, 1990-இல் சியோல். 1985-லும் 1990-லும் பட்டம். 1990-களின் நடுவில், தலைநகரில் குவிந்திருந்த அணிகளை வெளியூர்களுக்குப் பரப்ப லீக் முடிவெடுத்தது. அதன்படி 1996-இல் சியோலிலிருந்த மூன்று அணிகள் கிளம்பின. இல்வா சியோனானுக்குப் போனது, யூகொங் புச்சியோனுக்கு, எல்ஜி ஆன்யாங்குக்கு. எட்டு ஆண்டு ஆன்யாங் அந்த அணியைத் தன் பிள்ளையாக வளர்த்தது. சோ குவாங்-ரே பயிற்சியில் 2000 பட்டம் வந்தது. 2002 உலகக் கோப்பையில் கொரியாவுக்கு ஆடிய லீ யோங்-பியோ அப்போது ஆன்யாங் வீரர். பக்கத்து ஊர் சுவோன் சாம்சங்குடனான பகை, இரு ஊருக்கும் நடுவிலுள்ள கணவாயின் பெயரால் ‘ஜிஜிதே டெர்பி’ என்று நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தப் பகைக்கு எண்ணெய் ஊற்றியவர் சோ ஜங்-வொன். ஆன்யாங்கிலிருந்து பிரான்சுக்குப் போனவர், 1999-இல் திரும்பி வந்தபோது சேர்ந்தது சுவோனில். ஆன்யாங் ரசிகர்கள் அவர் ஜெர்சியைத் தீயிட்டுக் கொளுத்தினார்கள்.

2004 பிப்ரவரியில், உலகக் கோப்பைக்காகக் கட்டிய சியோல் மைதானம் நிரந்தர அணி இல்லாமல் நிற்க, எல்ஜி நிர்வாகம் அணியை அங்கே கொண்டுபோவதாக அறிவித்தது. எஃப்சி சியோல் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும்: நாங்கள் 1996-இல் சியோலிலிருந்து விரும்பிப் போகவில்லை, போக வைக்கப்பட்டோம், இது இடமாற்றம் அல்ல, வீடு திரும்பல் என்பார்கள். பதிவேட்டை வைத்துப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் ஆன்யாங் ரசிகருக்கு அது தலைவலிக்கு ஜாதகம் பார்த்த கதை. அவருக்கு அன்று அணி போய்விட்டது, அவ்வளவுதான்.

இந்த கிளப்பின் அடையாளம் உருவானது அதற்குப் பிறகுதான். 2004 முதல் 2013 வரை ஒன்பது ஆண்டு ஊரில் தொழில்முறை அணியே கிடையாது. ஆனால் ரசிகர் அமைப்பு கலையவில்லை. எல்ஜி காலத்தில் ‘ரெட்’ என்று தொடங்கியவர்கள், அணி இல்லாத நாட்களிலும் அதே பெயரை வைத்துக்கொண்டு நகரசபையிடம் மனு மேல் மனு கொடுத்தார்கள். 2012-இல் சபை ஒப்புதல் தந்தது. 2013 பிப்ரவரி 2-இல் நகர நிர்வாகத்தின் பணத்தில் நடக்கும் ‘சிமின் குடான்’, அதாவது குடிமக்கள் அணி, பிறந்தது. அதனால்தான் ஊதா ஜெர்சி அணியும் கிளப்புக்கு ‘ஏ.எஸ்.யூ. ரெட்’ என்ற பெயரில் ரசிகர் கூட்டம். புதியவர்களைக் குழப்பும் முரண் இது. கிளப்பைவிட ரசிகர் மன்றத்துக்கு வயது அதிகம் என்று நினைவில் வைத்தால் குழப்பம் தீரும்.

ஊதா ஏன்? ஆன்யாங் ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். பழைய அணியின் சிவப்பை எடுத்திருந்தால் சியோலின் சிவப்பு-கறுப்போடு உரசியிருக்கும். ஊரின் பழத்திலிருந்து நிறத்தை எடுத்தது நல்ல தேர்வு. பதின்மூன்று சீசனாக அது மாறவும் இல்லை. கொரிய லீக்கில் இது சாதாரணம் அல்ல. அங்கே பெயர், சின்னம், ஊர் எல்லாம் முதலாளி மனம்போல மாறும்.

ஊர்ப் பெயரிலும் ஒரு சுவை இருக்கிறது, தமிழ் வாசகருக்கு இன்னும் கூடுதலாக. ‘ஆன்யாங்’ என்பது பௌத்த நூல்களில் அமிதாப புத்தரின் சுகாவதி உலகத்துக்குச் சீன எழுத்தில் வழங்கும் பெயர்களில் ஒன்று. கொரியோ அரசை நிறுவிய வாங் கொன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆன்யாங்சா கோயிலிலிருந்து ஊருக்கு அந்தப் பெயர் வந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து ஆயிரக்கணக்கான கொரியர்கள் ‘சுகாவதி ஆன்யாங்’ என்று கத்துவதைக் கேட்டால் நம் காதுக்குச் சட்டென்று பிடிபடும். உச்சரிப்பு கொஞ்சம் நெளிந்திருக்கும். சொல் அதேதான்.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். நீண்ட காலம் பின்தொடர்ந்தால் இந்த கிளப் எப்படி இருக்கும்?

பொறுமை வேண்டும். 2019-இல் மூன்றாவது இடம், மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளேஆஃபில் புசானிடம் 0-1. 2021-இல் இரண்டாவது இடம், பிளேஆஃபில் தேஜோனிடம் 1-3. மிகக் கொடுமையானது 2022. பதவி உயர்வுக்கான இரண்டு ஆட்டத் தொடரில் எதிரி வேறு யாருமல்ல, பழைய பகையாளி சுவோன். ஆன்யாங்கில் 0-0. சுவோனில் 90 நிமிடம் 1-1, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஓ ஹியொன்-கியூ கோல், கதை முடிந்தது. இப்படி நடப்பது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. கே லீக் 2-இல், அதாவது இரண்டாம் டிவிஷனில், அப்போது முதலிடம் பிடித்தால்தான் நேரடி உயர்வு. இரண்டாவது இடத்தில் வந்தாலும் மேல் டிவிஷன் அணியோடு மோதித்தான் ஏற வேண்டியிருந்தது, அந்த அணிக்குச் சம்பளப் பட்டியலும் மாற்று ஆட்டக்காரர்களும் அதிகம். 120 நிமிடம் ஆடும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

ஆகவே 2024-இல் ஆன்யாங் செய்தது சரியான வழி: பிளேஆஃபைத் தொடவே இல்லை. 2013 முதல் நீண்ட காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்த யூ பியொங்-ஹூனைத் தலைமைப் பயிற்சியாளராக்கினார்கள். 36 ஆட்டம், 18 வெற்றி, 9 டிரா, 9 தோல்வி, 63 புள்ளி. நவம்பர் 2-இல் புச்சியோனில் 0-0 டிரா செய்து பட்டத்தை உறுதி செய்தார்கள். லீக்கின் சிறந்த வீரர் மத்தேயுஸ். பெரிய ஸ்கோர் ஆட்டம் தேடுபவர்களுக்கு இந்த அணி ஒத்துவராது. பந்தை இழந்ததும் உடனே கூட்டமாகப் பின்வாங்கி, பிரேசில் ஆட்டக்காரர்களை நம்பி முன்னேறும் ஆட்டம்தான் பெரும்பாலும்.

உயர்ந்த அணி மேலே வந்ததும் அடி வாங்கும் என்பது வழக்கமான கணக்கு. 2025 பிப்ரவரி 16-இல் முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் உல்சானின் மைதானத்தில். முந்தைய ஆண்டு சியோனான் அணிக்காக இரண்டாம் டிவிஷனில் அதிக கோல் அடித்துவிட்டு ஆன்யாங்குக்கு வந்த புரூனோ மோத்தா, கூடுதல் நிமிடங்களில் தலையால் முட்டி 1-0 ஆக்கினார். அடுத்த வாரம் பிப்ரவரி 22, இருபது ஆண்டு காத்திருந்த ஆட்டம்: சியோல் உலகக் கோப்பை மைதானம், 41,000-க்கும் மேற்பட்டோர், சியோல் 2-1. மே மாதம் ஆன்யாங்கில் 1-1. ஆகஸ்ட் 31-இல் சியோலிலேயே ஆன்யாங் 2-1, வெற்றி கோல் மறுபடி மோத்தா. எஃப்சி ஆன்யாங் சியோலை வென்றது அதுவே முதல் முறை. 2017 கோப்பை ஆட்டத்தில் சந்தித்தபோது 0-2 தோல்விதான், ஆனால் அன்று ஆன்யாங் ரசிகர்கள் கொளுத்திய சிவப்புத் தீப்பந்தங்கள் ஸ்கோரைவிட அதிகம் பேசப்பட்டன. (தீப்பந்தம் விதிப்படி கூடாது. புதிதாகப் போகிறவர்கள் ஆர்வத்தில் இறங்க வேண்டாம், அபராதம் கிளப்பின் தலையில் விழும்.) 2025 முடிவில் 12 அணிகளில் 8-ஆவது இடம். பிளேஆஃப் பயமே இல்லாமல் தப்பிய முதல் சீசன், எதிர்பார்ப்புக்கு மேல்.

குறைகள் இல்லாமல் இல்லை. குடிமக்கள் அணி என்றால் பணம் நகரசபைப் பட்ஜெட்டிலிருந்து வரும், கிளப்பின் உரிமையாளர் நாற்காலியில் நகர மேயர் உட்காருவார். அணியைத் தொடங்கிய மேயர் சோ தே-ஹோ 2014 தேர்தலில் தோற்று 2018-இல் திரும்பினார். 2024-இல் உயர்வு கிடைத்ததும் முடிக்கு ஊதாச் சாயம் பூசிக்கொண்டதும் அவரே. பார்க்க வேடிக்கைதான். ஆனால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உள்ளாட்சித் தேர்தல் அணியின் செலவுத் திட்டத்தை அசைக்கும் என்பதே இதன் மறுபக்கம். நல்ல வீரர் வளர்ந்தால் விற்கத்தான் வேண்டும். 2022 உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராக இரண்டு தலை கோல் அடித்த சோ கியூ-சங் ஆன்யாங்கில்தான் 2019-இல் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். ஒரே சீசன், அடுத்து ஜொன்புக். பெயர் எழுதிய ஜெர்சி வாங்குகிறவர்கள் இதை யோசித்து வாங்குங்கள். வீரர்கள் கட்டாய ராணுவச் சேவைக்காக கிம்ச்சியோன் சங்மு அணிக்கு ஒன்றரை ஆண்டு போய்விடுவதும் உண்டு. விற்றுவிட்டார்கள் என்று பதற வேண்டாம், பலர் திரும்பி வருவார்கள்.

மைதானம் இரண்டாவது குறை. 1980-களில் கட்டிய ஆன்யாங் ஸ்டேடியம், சுமார் 17,000 பேர் கொள்ளும், சுற்றிலும் தடகள ஓடுபாதை. பிரதான ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் மறுபக்கத்துப் பந்து தபாலில் வருவது போல இருக்கும். ஓடுபாதையின் மேல் போட்ட தற்காலிக இருக்கைகளுக்கு டிக்கெட் எடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீரும், ஆனால் மழைக்கு மறைப்பு இருக்காது. ஜூலை ஆட்டம் என்றால் மழைக்கோட்டு கட்டாயம், குடை பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். சுரங்க ரயில் நான்காவது லைனில் பொம்கே நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். வழிக்கு நேவர் மேப்பையோ காக்காவோ மேப்பையோ போட்டுக்கொள்ளுங்கள், 2025 வரை கொரியாவில் கூகுள் மேப் நடைவழி காட்டித் தராமல் கைவிட்டது. சியோல் ஆட்டத்துக்குச் சிவப்பு-கறுப்புச் சட்டையோடு ஊதாப் பகுதியில் போய் உட்காராதீர்கள். சியோலுக்கு இங்கே வழங்கும் வசைப்பெயர் ‘புக்பே’, வடக்கே போன துரோகி என்பது போன்ற பொருள். 2006-இல் புச்சியோனை விட்டுப்போன ஜேஜூவுக்கு ‘நம்பே’, அது தெற்குத் துரோகி.

வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நேரம் பெரிய வசதி. கொரிய நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். மதியம் 2 மணி ஆட்டம் இங்கே காலை 10:30, மாலை 4:30 ஆட்டம் மதியம் 1, இரவு 7:30 ஆட்டம் மாலை 4 மணி. தூக்கம் கெடாது. உள்நாட்டு ஒளிபரப்பான கூபாங் பிளே கொரிய உறுப்பினர்களுக்கானது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். லீக் வெளிநாட்டு ரசிகர்களுக்கென நடத்தும் கே லீக் டிவிதான் முதலில் பார்க்க வேண்டிய இடம். சீசன் பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் இறுதி வரை ஓடும். 2025 முறைப்படி 33 சுற்று முடிந்ததும் அட்டவணை மேல் ஆறு, கீழ் ஆறு என்று பிரியும், பிறகு ஐந்து சுற்று. கீழ்ப் பாதிக்குப் போன அணி எத்தனை புள்ளி எடுத்தாலும் ஏழாவது இடத்துக்கு மேல் ஏறாது. அதைத் தெரியாமல் அட்டவணையைப் பார்த்து ‘தப்பு’ என்று சொல்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

ஜெர்சி அளவில் எஸ், எம், எல் தேடாதீர்கள். கொரிய அளவு மார்புச் சுற்றளவை ஒட்டிய எண்: 95 என்றால் ஏறக்குறைய எம், 100 எல், 105 எக்ஸ்எல். வெட்டு இறுக்கமாக இருக்கும், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் பெரியதை எடுங்கள். கிளப் கடைகளின் இணையதளங்கள் பெரும்பாலும் கொரிய கைப்பேசி எண் கேட்கும், ஊரில் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவர் மூலம் வாங்குவதே எளிது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழைய பதிவுகளை இந்த வரிசையில் பாருங்கள்: 2022 சுவோன் இரண்டாம் ஆட்டத்தின் கூடுதல் நேரம், 2024 நவம்பர் புச்சியோன் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம், 2025 ஆகஸ்ட் சியோல் ஆட்டம் முழுவதும். அந்தப் புச்சியோனும் ஆன்யாங் போலவே அணியை இழந்து, 2007-இல் ரசிகர்கள் கையால் மறுபடி பிறந்த கிளப்தான். 2025 முடிவில் அவர்களும் பிளேஆஃப் வென்று முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டார்கள். ஜேஜூ–புச்சியோன் ஆட்டத் தேதி வந்தால் அதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.