பென்லி எடுக்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

போன கிழமை மச்சான் ஒருவன் போன் எடுத்தான். திருகோணமலைக்குக் கிட்ட நிலாவெளியில் ஒரு ஹொண்டா சிடி 125 பென்லி, பழைய பைக், விற்க நிற்கிறதாம், எடுக்கலாமா என்று கேட்டான். அந்த நேரம் நான் வீட்டு முற்றத்தில் என்னுடைய பென்லியின் சீற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்சுலேஷன் டேப்பை வாயில் கவ்விக்கொண்டு, குந்தியிருந்த கால் இரண்டும் விறைத்துப்போய் இருந்தேன். "யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கே பதில் சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்காது, இன்றைக்கும் முழு நியாயம் வரும் என்று இல்லை, ஆனால் கேட்டவனுக்கு எழுதத்தானே வேண்டும்.

என்னிடம் இருக்கிற வண்டி மாமாவினுடையது. கிண்ணியாவில் படிப்பித்தார். பாலம் 2009இல்தான் வந்தது, அதற்கு முன்பு பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போகவேண்டும், அதனால் இந்த பைக் வருஷக்கணக்காக நாளுக்கு இரண்டு தரம் கடல் கடந்திருக்கிறது. பிறகு கொட்டிலுக்குள் தகரத்தின் கீழ் நின்றது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய பைக் விலையெல்லாம் ஏறியது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றத் தொடங்கியபோதுதான் எனக்கு இந்த வண்டி ஞாபகம் வந்தது. கேட்டேன். "கொண்டு போ, ஆனா வித்துப்போடாத" என்றார் மாமா. அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காபுரேட்டரைக் கழுவி, பெற்றோல் டாங்கைக் குலுக்கிக் கறளைக் கொட்டி, தீப்பொறிக்குக் கரண்டை வெட்டி விடுகிற பொயின்ற்றின் இடைவெளியை 0.35 மில்லிமீற்றருக்கு வைத்து, ஓயில் மாற்றினேன். நாலாவது உதையில் பிடித்தது. இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் எஞ்சின் இது, தையல் மெசின் மாதிரி ஒரு சத்தம். அன்றைக்கு அம்மா கூட வாசலுக்கு வந்து நின்று கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வண்டி வடிவாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்தது, எல்லாவற்றையும் கழற்றி, சேசியைத் தேய்த்து, இரண்டு கோட் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். முகம் பார்க்கலாம், அப்படி மினுங்கியது. திரும்பப் பூட்டிய நாளில் தொடங்கியது விசர்.

பின் பிரேக்கை மிதித்தால் சிக்னல் நின்றுவிடும். சிக்னல் போட்டால் நியூட்ரல் கியர் லைற் கூடவே கண் சிமிட்டும். ஹெட் லைற் போட்டால் எஞ்சின் இருமும். கராஜுக்குக் கொண்டு போனேன். அந்த அண்ணன் யமஹா வேலை செய்து பழகினவர், யமஹாவில் கறுப்பு வயர் ஏர்த், அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வயர், எங்கள் வீட்டுப் பழைய வயறிங்கிலும் கறுப்பு நியூட்ரல்தான், ஆகவே யோசிக்காமல் கறுப்பைக் கொண்டுபோய் சேசியில் பூட்டிவிட்டார். ஹொண்டாவில் பச்சைதான் ஏர்த், கறுப்பு என்றால் சாவி போட்டதும் கரண்ட் வருகிற வயர். சாவியைத் திருப்பினதும் ஃபியூஸ் போனது. இன்னொன்று போட்டோம், அதுவும் போனது. மூன்றாவதைப் போடப் போனவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை, சரி, கொஞ்சம் சொல்கிறேன்.

பிறகு நானே இறங்கினேன். பச்சை வயரைப் பார்த்தால் வெளியே புதுசு மாதிரி இருக்கும். நுனியில் ஒரு அங்குலம் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப் போயிருக்கும். இன்னும் ஒரு அங்குலம் சீவினால் அதுவும் கறுப்பு. ஒரு சாண் வெட்டின பிறகுதான் மினுங்குகிற செம்பு கண்ணில் பட்டது, கறுத்த இடத்தில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, உருண்டு விழும். வயர்களைப் பூட்டுகிற பிளக்குகளின் உள்ளே பச்சைப் பவுடர் மாதிரிக் களிம்பு. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே களிம்புதான், பாதையில் தெறித்த உப்புத்தண்ணியும் எங்கள் ஊர்க் காற்றும் சேர்ந்து செய்த வேலை. மலைநாட்டில் ஓடின வண்டியைத் திருகோணமலைக்குக் கொண்டு வருகிறவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

வயர் முழுக்க மாற்றினேன். குணம் வரவில்லை. கோபத்தில் ஒரு நாள் மல்ரிமீற்றரை எடுத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவில் பிடித்து, மறு முனையைப் பின் லைற்றின் தகரத்தில் வைத்து, எல்லா லைற்றையும் போட்டுப் பார்த்தேன். பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய முள் மூன்று வோல்ட்டுக்குப் போனது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏர்த் வயரின் வளையத்தை சேசியில் போல்ட் போடுகிற இடத்திலும் அந்த அழகான கறுப்புப் பெயின்ற்றை இரண்டு கோட் அடித்திருக்கிறேன்! திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட், பக்கத்துப் பல்ப்பின் இழைக்குள்ளால் சுற்றிப் போயிருக்கிறது, அதுதான் பிரேக் மிதித்தால் சிக்னல் நின்றதும் நியூட்ரல் சிமிட்டினதும். ஒரு ரூபாய்க் குத்தி அளவு இடத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிறீஸ் பூசினேன். பத்து நிமிஷம். ஐந்து மாதம் தேடின வருத்தம் பத்து நிமிஷத்தில் போனது, சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஆனாலும் எஞ்சின் இருமல் மட்டும் போகவில்லை. இங்கேதான் இந்த வண்டியின் மேல் எனக்கு உண்மையான கோபம். மற்றப் பல இரட்டை சிலிண்டர் பைக்குகளில் ஒரு பக்கம் மட்டும் சோர்ந்தால் அந்தப் பக்கம் பிழை என்று தெரியும். பென்லியில் இரண்டு ஸ்பார்க் பிளக்குக்கும் தீப்பொறி கொடுக்க ஒரே கொயில், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே காபுரேட்டர். கரண்ட் குறைந்தாலும் இரண்டும் சேர்ந்து இருமும், காற்று பிழைத்தாலும் இரண்டும் சேர்ந்து இருமும். எது பிழை என்று வண்டி வாய் திறக்காது. ஏர்த் பிழையும் காற்றுப் பிழையும் ஒன்றின் முதுகில் ஒன்று ஒளித்துக்கொண்டு ஐந்து மாதம் என்னைப் பேய்க்காட்டின.

காற்றுக் கதை இதுதான். கொட்டிலில் இருந்து எடுத்தபோது எயார் ஃபில்டர் பெட்டிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, பேப்பர் ஃபில்டர் தொட்டதும் பப்படமாக நொறுங்கியது, பெட்டியும் கையோடு உடைந்து வந்தது. சரி என்று கடையில் ஒரு கோன் ஃபில்டர் வாங்கிக் காபுரேட்டரின் வாயில் நேரடியாகப் பூட்டினேன். பார்க்க ரேஸ் பைக் மாதிரி. பெட்டி இருந்தபோது காற்றை அளந்து விட்டது, அதற்கேற்றபடிதான் ஹொண்டாக்காரன் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டை வைத்திருக்கிறான். பெட்டி போனதும் காற்று கூடி பெற்றோல் குறைந்தது, பிளக் இரண்டும் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளை. திறொட்டில் திருகினால் காபுரேட்டர் தும்மும். ஆடி மாதம் கச்சான் காற்றில் உப்புவெளி ரோட்டு மணல் எல்லாம் அதற்குள்தான் போனது. கார்த்திகை மழையில் சீனன்குடாவுக்குக் கிட்ட ஒரேயடியாக நின்றது, அதையும் வயறிங் என்றுதான் நினைத்தேன், மழைக்குள் நின்று பிளக் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கோன் ஃபில்டரோ சொட்டச் சொட்டத் தண்ணி குடித்து நின்றது.

இடையில் செற்றிக் குஷனில் இருந்து ஸ்பொஞ் வெட்டி வைத்துப் பார்த்தேன். அதை யாரும் செய்யவேண்டாம். பெற்றோல் ஆவி பட்டு அது மாவாகி, காபுரேட்டருக்குள் போனது. பிறகு கந்தளாய்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் ஒரு ஒறிஜினல் பெட்டி கிடைத்தது, மூடி வெடித்திருந்தாலும் பெட்டி பெட்டிதான். புதுப் பேப்பர் ஃபில்டர் போட்டுப் பூட்டினேன். ஒரு கிழமை ஓடிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நல்ல பிஸ்கட் நிறம், காற்றும் பெற்றோலும் சரி என்று அர்த்தம். சத்தியமாக அதைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். "வடிவா இருக்கு, என்னது இது?" என்று பதில் வந்தது.

இப்போது எப்படி ஓடுகிறது என்றால், நன்றாக ஓடுகிறது. விடியக் காலையில் உப்புவெளியில் இருந்து வெளிக்கிட்டு, கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது மான்கள் ரோட்டில் நிற்கும். புது பைக் என்றால் ஹோர்ன் அடிக்கவேண்டும், இது கிட்டப் போனால் மான்கள் காதை மட்டும் ஆட்டிவிட்டு வழி விடும். அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுக்கிற இழுவைக்கு ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து காட்டட்டும் யாராவது.

ஆனால் நீ கேட்டாய், மச்சான். போன கிழமை நீ போன் எடுத்தபோது நான் ஏன் நிலத்தில் குந்தியிருந்தேன் தெரியுமா? வலது பின் சிக்னல் எரியவில்லை. காரணம் பச்சை வயர். நான் புதுசாகப் போட்ட பச்சை வயர், இரண்டே வருஷத்தில் வளையத்துக்கு உள்ளே களிம்பு. ஆகவே எடுக்காதே. உனக்கு நிலாவெளியில் வீடு, கடல் ஐம்பது யார் தூரத்தில், நீ பெயின்ற்றுக்கும் ஆசைப்படுகிற ஆள். புதுசு ஒன்று பார்.

எடுக்காவிட்டால் எனக்கு ஒருக்கா சொல்லு. அதில் எயார் ஃபில்டர் பெட்டியின் மூடி வெடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை, ஞாயிற்றுக்கிழமை வாறன்.