பதிப்புரிமையைக் காப்பதாகச் சொல்லி 12,500 ரூபாய் பறித்த கூட்டம்: தொடர்கதை எழுதுவோர் கவனத்திற்கு

இணையத்தில் தொடர்கதை எழுதும் வேறு யாரும் இவர்களிடம் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். திருட்டு பிடிஎஃப்களை நீக்கித் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பதிப்புரிமைப் பாதுகாப்புச் சேவையிடம் 12,500 ரூபாயை இழந்திருக்கிறேன். பணத்தோடு, அச்சுப் புத்தகத்துக்கென்று எடுத்து வைத்திருந்த எபிலாக்கும் (கதை முடிந்தபின் வரும் நிறைவுப் பகுதி) போய்விட்டது.

தொடர் முடிந்து மின்னூலாக வெளிவந்த சூட்டோடு அதன் பிடிஎஃப் அரட்டைக் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. யாரோ ஒருவர் அதை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து ஆடியோ நாவலாக ஏற்றி, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம் சேனலின் பெயரைப் போட்டுக்கொண்டார். அந்த வேளையில்தான் மேற்படி சேவையின் விளம்பரம் கண்ணில் பட்டது.

தொலைபேசியில் பேசியவர் அத்தனை மரியாதையாகப் பேசினார். "என் மனைவி உங்கள் வாசகி மேடம், கடைசி யூடி (அத்தியாயப் பதிவு) வந்த அன்று சாப்பிடவே இல்லை" என்றவர், நாயகியின் பெயரையும், அவள் தாலியைக் கழற்றி எந்த டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் போனாள் என்பதையும்கூடச் சரியாகச் சொன்னார். கதை திருடுபோவதெல்லாம் ஒரு திருட்டா என்று வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் கதையைப் படித்த ஒருவர் எனக்காகக் கொதிக்கிறார் என்றால் நம்பாமல் என்ன செய்வது? 12,500 ரூபாயையும் முன்பணமாக யுபிஐ-யில் அனுப்பினேன். அசலோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வேர்ட் ஃபைலைக் கேட்டார், அதுவும் போனது.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. "டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது மேடம்" என்றார்கள். பிடிஎஃப் சுற்றும் அரட்டைச் செயலியின் சர்வர் வெளிநாட்டில் இருப்பதால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். பயிற்சி மையப் பாடங்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்கள் தொடர்பான வழக்கில், சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற டெலிகிராமின் வாதத்தை ஏற்காமல், அவற்றை நடத்தியவர்களின் விவரங்களைத் தரும்படி தில்லி உயர் நீதிமன்றம் 2022-லேயே உத்தரவிட்டிருக்கிறது என்று நான் எடுத்துச் சொன்னதும், பேச்சு வேறு பக்கம் திரும்பியது. நாவலைப் பதிவு செய்யாததால்தான் தடங்கலாம், பதிவுக்குத் தனியாக 9,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமே இல்லை. விரும்பிப் பதிவு செய்தாலும் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான்.

நீக்கிவிட்டதாக அவர்கள் அனுப்பிய பட்டியலில் இரண்டே இரண்டு வீடியோக்கள் இருந்தன. அவை இரண்டும், இவர்களை நான் அறிவதற்கு முன்பே அந்தத் தளத்தின் இலவசப் புகார்ப் படிவத்தை நானே நிரப்பி எடுக்க வைத்தவை! இதற்கா 12,500 ரூபாய்?

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சில நாள்களில் அதே அரட்டைக் குழுக்களில் 'முழுப் பதிப்பு' என்று புதிய பிடிஎஃப் ஒன்று வந்தது. திறந்து பார்த்தால், கடைசியில் எபிலாக். தொடரிலும் இல்லாத, மின்னூலிலும் இல்லாத அந்த ஏழு பக்கங்கள், 'பதிப்பகத்தாரிடம் கேட்க' என்று நான் அடைப்புக்குறிக்குள் எழுதி வைத்திருந்த குறிப்போடு அப்படியே கிடந்தன. அந்த ஃபைலை நான் அனுப்பியது இவர்களுக்கு மட்டும்தான். கேட்டதற்கு, "இணையத்தில் எழுதினால் இதெல்லாம் சகஜம் மேடம்" என்று பதில் வந்தது. மனைவி வாசகி என்றாரே, அந்த மனிதர் அதன் பிறகு என் அழைப்பை எடுக்கவே இல்லை.

விரிவாக ஆலோசனை சொல்லும் நிதானம் இப்போது இல்லை. எடிட் செய்யக்கூடிய ஃபைலை எவருக்கும் அனுப்பாதீர்கள். பெரிய தளங்களில் புகார்ப் படிவம் இலவசம், நீங்களே நிரப்புங்கள். திருட்டுப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வழக்கென்று வந்தால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்க பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கைமாறிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நான் அழைத்ததில் இதுவரை கிடைத்திருப்பது புகார் எண் மட்டும்தான்.