தனியாகத் தொழில் நடத்தும் வக்கீலுக்கு ஊக்கம் எங்கே கிடைக்கும்: பழைய சீனியரிடமா, பார் அறையிலா, பக்கத்து மேசையிலா?

சீனியரின் அலுவலகத்தை விட்டு வந்து தனியாகத் தொழில் தொடங்கும் வழக்கறிஞரிடம், வருமானம் குறையும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். அதற்கும் முன்பே இல்லாமல் போவது, அவருடைய வேலையைப் பார்த்து நன்று, தீது சொல்ல இருந்த ஆள். பாகப்பிரிவினை வழக்கொன்றில் எதிர்தரப்புச் சாட்சியைப் பிற்பகல் முழுவதும் குறுக்கு விசாரணை செய்து, அவர் முதல் விசாரணையில் சொன்னதை அவர் தாக்கல் செய்த ஆவணத்தைக் கொண்டே உடைத்துவிட்டு வெளியே வந்தாலும், வராந்தாவில் காத்திருக்கும் கட்சிக்காரர் கேட்பது “அடுத்த வாய்தா என்னைக்கு சார்?” என்பதாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, நிறைவேற்று மனு என்று ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்கில் அவர் கண்ணுக்குத் தெரிவது வாய்தா ஒன்றுதான். ஆகவே, தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தனியாகத் தொழில் செய்பவருக்கு ஊக்கம் தரக்கூடிய வழிகளை ஒப்பிடும்போது, யார் உற்சாகமாகப் பேசுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு, யார் வேலையைப் பார்க்கிறார்கள் என்பதையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலில் பழைய சீனியர் உயர்ந்த இடத்தில் இருக்க வேண்டியவர். வழக்குக் கட்டைப் புரட்டிய சில நிமிடங்களில் வழக்கின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியும். அவர் ‘சரியாகத்தான் போட்டிருக்கிறாய்’ என்று சொல்லும் ஒரு வரிக்கு வேறு யாருடைய பாராட்டும் ஈடாகாது. ஆனால் அங்கே போகும்போதெல்லாம் நாம் மறுபடி ஜூனியராகிவிடுகிறோம். நம் கட்டைப் பார்ப்பதற்கு முன்பே, நாளை அவருடைய வழக்கொன்றில் ஆஜராகி வாய்தா வாங்கும் வேலை நம் தலையில் விழுந்துவிடும். தவிர, பலருக்கு அந்த உறவே சுமுகமாக முடிந்திருப்பதில்லை. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகக் கிடைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். பேட்டாவை மட்டும் வாங்கிக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தவர் அதே படியேறி யோசனை கேட்பது எளிதல்ல.

நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர்கள் கூடும் பார் அறை இதற்கு நேர்மாறானது. அங்கே போக யாரிடமும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டால் நமக்காக எழுந்து நின்று அவகாசம் கேட்க ஓர் ஆள் அங்கேதான் கிடைப்பார். புதிய நீதிபதி இடைக்கால மனுக்களை எப்படி நடத்துகிறார் என்ற செய்தியும் அங்கேதான் முதலில் வரும். ஆனால் வேலை அங்கே பார்க்கப்படுவதில்லை, பேசப்படுகிறது. யாருக்கு எந்த வங்கியின் பேனலில், அதாவது அதன் வழக்கறிஞர் பட்டியலில், இடம் கிடைத்தது, யார் விபத்து இழப்பீட்டு வழக்கில் எவ்வளவு ஃபீஸ் வாங்கினார் என்ற பேச்சைக் கேட்டுவிட்டு, கோடை விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் தன் காலி மேசைக்குத் திரும்புபவருக்கு, போனபோது இருந்த தெம்பும் போயிருக்கும்.

வாட்ஸ்அப் குழுக்களை நான் கடைசியில்தான் வைப்பேன். தகவலுக்கு அவை நல்லவை: 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து, முன்ஜாமீனுக்கான 438 என்ற பிரிவு எண் 482 ஆகவும், உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்துக்கான பழைய 482 என்ற எண் 528 ஆகவும் மாறியபோது, அந்த ஒப்பீட்டு அட்டவணைகள் தாலுகா கோர்ட் வரை விரைவாக வந்து சேர்ந்தது இவற்றின் வழியாகத்தான். ஊக்கம் என்று பார்த்தால், அடுத்தவர் வாங்கிய உத்தரவின் முதல் பக்கமும் அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்களும்தான் மிஞ்சும்.

இலவச சட்ட உதவிப் பேனலைப் பலரும் ஃபீஸை வைத்தே எடைபோட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். தொகை குறைவுதான், அது கைக்கு வரத் தாமதமும் ஆகும். ஆனால் பேனல் வழியாக நாம் போய் நிற்கும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக முடியும் வழக்குக்கு, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நம் தொழிலில் ஒரு வழக்கு உண்மையிலேயே முடிந்து போவதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஜீவனாம்சத்துக்கு அலைந்த ஒரு பெண் தொகையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு அன்றே வீடு திரும்புவதைப் பார்ப்பது, ஏழாவது ஆண்டில் நிற்கும் சிவில் வழக்கை இன்னும் சில காலம் இழுத்துச் செல்லத் தேவையான தெம்பைத் தரும்.

இருந்தாலும் என் முதல் தேர்வு, தன்னைப் போலவே தனித்து நடத்தும் இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்வதுதான். கூட்டுத்தொழில் வேண்டாம், வரவு செலவும் தனித்தனியாக இருக்கட்டும். வாடகை, குமாஸ்தா, பிரிண்டர் மட்டும் பொது. பிராதை, அதாவது வழக்கு மனுவை, தாக்கல் செய்யும் முன் பக்கத்து மேசைக்காரர் ஒருமுறை படித்தால், சொத்து விவரம் எழுதும் தபசிலில் சர்வே எண்ணின் உட்பிரிவு விடுபட்டிருப்பதையோ, நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருப்பதையோ கண்டுபிடித்துவிடுவார். பிழையைக் காட்டும் அதே ஆள்தான், மூன்றாவது பத்தி நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்கிறார். சீனியர் சொல்வதைப் போல மேலிருந்து வராமல், நாளை தான் எழுதிய எதிருரையை (பிராதுக்கான பதிலை) படித்துப் பார்க்க நம்மிடம் நீட்டப் போகிறவரிடமிருந்து வருவதால் அதை நம்ப முடிகிறது. இதில் ஆபத்தும் உண்டு. ஒரே தகராறின் இரு தரப்பும் ஒரே அறைக்கு வந்து சேரலாம் என்பதால், புதிய கட்சிக்காரரிடம் விவரம் கேட்கும் முன்பே எதிர்தரப்பின் பெயரைக் கேட்டு மற்றவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். கட்சிக்காரரின் அனுமதியின்றி அவருடைய கட்டு மேசை மாறக் கூடாது. இந்த இரண்டையும் முதல் மாத வாடகைக்கு முன்பே பேசி முடித்துவிடாதவர்கள் அறையையும் நட்பையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

இந்த வரிசை சிவில், குடும்ப வழக்குகளை நடத்துபவர்களுக்குத்தான் பொருந்தும். முழுக்கக் குற்றவியல் பக்கம் இருப்பவர்களுக்கு, சட்ட உதவி எதிர்வாதத்துக்கென்றே முழுநேர வழக்கறிஞர்களை அமர்த்தும் 2022-ஆம் ஆண்டின் திட்டம் வந்த மாவட்டங்களில் பேனலுக்கு வரும் வேலை சுருங்கிவிட்டது. அந்த முழுநேரப் பணியில் சேர்ந்தால் தனித் தொழிலை விட வேண்டும். அறைத் துணையும் சிவில்காரராக அமைந்துவிட்டால், செஷன்ஸ் விசாரணையில் எந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவது என்று கேட்க, சங்கடத்தை விழுங்கிக்கொண்டு பழைய சீனியரின் படியைத்தான் மறுபடி ஏற வேண்டும்.