பெரியம்மாவின் தறப்பாளைக் காணவில்லை: ஒரு ஸ்டூடியோவில் பழைய படம் புதுப்பித்த கதை

ஒரு மலிபன் பிஸ்கட் டின், அதற்குள் 46 படங்கள். அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். பழைய படங்களை ஸ்கேன் செய்து, பழுது பார்த்து, பெரிதாக அச்சிட்டுத் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், சின்னக் கடை, பிழைத்துப் போகட்டும்.

டின்னுக்குள் இருந்தவற்றில் பதினொரு படம் சம்பூரில் இருக்கும் என் பெரியம்மாவுடையவை. மிச்சம் நான் எடுத்தவை. 2006 தொடக்கம் மூன்று வருஷம் ஒரு நிவாரண நிறுவனத்தில் களவேலை செய்தேன். கையில் 5 மெகாபிக்சல் கெனன் சின்னக் கமரா. அலுவலகம் கேட்டது மலசலகூடங்களின் படமும் தண்ணீர்த் தாங்கிகளின் படமும்தான். ஆனால் தாங்கியைப் படம் பிடிக்கப் போனால் பக்கத்தில் சனம் இருக்குமே. பவுசர் வரும்வரை குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தாயம் விளையாடும் பெண்கள். தகரக் கொட்டில் வாசலில் பிள்ளைக்குப் பேன் பார்க்கும் தாய். நிவாரண அரிசிச் சாக்கை விரித்து அதில் மோர்மிளகாய் காயப்போட்ட கிழவி. அவற்றையும் எடுத்தேன், அறிக்கையில் அவை வரவே இல்லை.

வெளியிலிருந்து பெரிய லென்ஸோடு வந்தவர்களுக்கு அழுகிற முகம் வேண்டும். அரை நாளில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். படத்தில் இருந்தவரைத் தேடி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அவர்களைச் சொல்வானேன், நானும்தான் கொடுக்கவில்லை. பதினெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் புத்தி வந்தது.

சம்பூரைத் தெரியாதவர்களுக்கு: கோணேசர் மலையில் நின்று கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் பார்த்தால் அந்தக் கரைப் பக்கம்தான். 2006 ஏப்ரலில், போரில், குண்டு விழத் தொடங்கியதும் சனம் கிளம்பியது. ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தவர்களை 2007இல் கிளிவெட்டி முகாமுக்குக் கொண்டுவந்தார்கள். ஊர் அதற்குள் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டிருந்தது, அதாவது படையினர் கையில், சனம் உள்ளே போக முடியாது. கடற்படை முகாம் இருந்த காணியும் விடுபட 2016 ஆனது. அந்தப் பத்து வருஷமும் பெரியம்மா ஒரு சொப்பிங் பையைக் கைவிடவில்லை. ஐசி என்கிற அடையாள அட்டை, காணி உறுதி, நிவாரண அட்டை, இந்தப் பதினொரு படம்.

சரி, கடைக்கு வருவோம். முதலாளி ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். இருட்டறையில் படம் கழுவிப் பழகிய கை. பெரியம்மாவின் படங்களில் இரண்டு மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. நான் நகத்தால் கிளப்பப் பார்த்தேன். "விடுங்கோ பிள்ளை, உரிச்சா ரெண்டும் போயிடும்" என்று பறித்துக்கொண்டார். மேலே தெரிந்த படத்தை முதலில் ஸ்கேன் செய்தார். அப்புறம் ஒரு தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இரண்டையும் அப்படியே ஊறவிட்டார். தாளின் மேல் இருப்பது ஜெலட்டின் படலமாம். காய்ந்தால் பசை, ஊறினால் விட்டுக்கொடுக்கும். முக்கால் மணித்தியாலத்தில் தானாக விலகியது. இது கழுவி எடுத்த படத்துக்கு மட்டும்தான் சரிவரும், வீட்டுப் பிரிண்டரில் அடித்ததைத் தண்ணீரில் போட்டால் மை கரைந்துவிடும் என்றும் சொன்னார். பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்த இன்னொன்றை அவர் தொடவேயில்லை. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார்.

பெரியம்மாவின் கலியாணப் படம் முழுக்கச் செம்மண் நிறமாகியிருந்தது. கலர்ப் படத்தில் மூன்று சாயம் இருக்கிறது, அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும், அதனால்தான் மிச்சம் சிவப்பாக நிற்கிறது என்றார். கணினியில் அதைச் சரிசெய்தபோது பந்தல்காலில் கட்டிய வாழைமரத்துக்குப் பச்சை திரும்ப வந்தது. அந்த ஒரு படத்துக்கே கொடுத்த காசு சரி. அதற்கும் முந்திய கறுப்பு வெள்ளைத் தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் இருப்பது சாயமில்லை, வெள்ளி.

ஸ்கேன் படத்துக்கு 100 ரூபா, பழுது பார்க்க 1,500, எட்டுக்கு ஆறு அங்குலப் பிரதி 250. மூன்று நாளில் வரச் சொன்னார்கள். ஒன்பது நாள் ஆனது.

பழுது பார்ப்பது ஐயா இல்லை, அவருடைய உதவியாளர், இருபத்திரண்டு வயதுப் பையன். உறையைத் திறந்தேன். கிளிவெட்டியில் பெரியம்மா குடும்பத்தோடு நிற்கிற படம். பின்னால் புல்வெளி! செவ்வரத்தைப் பூ வேறு. அவர்கள் குடியிருந்த கொட்டில், அதன் மேல் நீல எழுத்துப் போட்ட வெள்ளைத் தறப்பாள், கயிற்றில் தொங்கிய சாரம், ஒன்றையும் காணவில்லை. பெரியம்மாவின் நெற்றிச் சுருக்கம் இல்லை. மச்சாளின் கண் யாரோ ஒரு பிள்ளையின் கண். பவுசர் வரிசைப் படத்தில் ஒரு பொடியனின் சேட்டில் இருந்த கிழிசல்கூட மூடியிருந்தது. கணினிக்குத் தையலும் தெரியும் போலிருக்கிறது.

"தம்பி, தறப்பாள் எங்க?"

"அக்கா, அது ஊத்தையா இருந்தது. எல்லாரும் வடிவா வேணும் எண்டுதானே கேக்கிறவை."

அவனைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதும் உண்மைதான். நான் காத்திருந்தபோதே ஒரு அம்மா வந்திருந்தார். மகளின் கலியாணப் படத்தில் அப்பாவைச் சேர்க்க வேண்டும். அப்பா காணாமற்போய்ப் பல வருஷம். இருந்தது ஒரேயொரு அடையாள அட்டைப் படம். பையன் அந்த முகத்தை எடுத்து, முத்திரை அடையாளத்தைத் துடைத்து, வேட்டி சால்வை உடுத்தி, மகளின் தோளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். வெளிச்சம் விழுந்த பக்கம்கூடப் பிசகவில்லை. அந்த அம்மா படத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். இந்தக் கடையின் ஆகத் திறமான வேலை அதுதான் என்பேன். ஆனால் அது அவர் கேட்டுச் செய்வித்தது. என் பெரியம்மாவின் கொட்டிலைக் கழற்றச் சொல்லி யார் கேட்டது?

திரும்பச் செய்து தந்தார்கள், மேலதிகக் காசு கேட்கவில்லை. இந்த முறை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தூசியும் கீறலும் மட்டும் எடு. நிறத்தைச் சரிசெய். முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் செயலியைத் தொடாதே. மூலை கிழிந்து போன இடத்தில் வெள்ளையாகவே விடு, நீயாக நிரப்பாதே. முதலில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், ஜேபெக்காக ஸ்கேன் செய்திருந்தார்கள்; 600இல், தரம் குறையாத டிஃப் கோப்பாகக் கேட்டு பென்ட்ரைவில் வாங்கினேன். படத்தின் பின்பக்கத்தை அவர்கள் ஸ்கேன் செய்யவே இல்லை. அங்கேதானே பெரியப்பாவின் கையெழுத்தில் ஊரும் மாதமும் இருக்கிறது! அதையும் செய்வித்தேன். போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள், அவர்களாகச் செய்ய மாட்டார்கள்.

என் டிஜிட்டல் படங்கள் 2592க்கு 1944 பிக்சல். அச்சில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வகுத்தால் எட்டரை அங்குலத்துக்கு ஆறரை. அதனால் எட்டுக்கு ஆறில் கண்ணாடி மாதிரி வந்தன. பெரிய சட்டத்துக்கு ஆசைப்பட்டு இருபது அங்குலத்தில் ஒன்று அடித்துப் பார்த்தேன், கிட்டப் போனால் முகம் கரைகிறது. காசு வீண்.

இன்னொரு குறையும் உண்டு. பெரியம்மாவின் படத்தை, பழுதுக்கு முன், பழுதுக்குப் பின் என்று கடையின் முகநூல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னதும் எடுத்தார்கள். முகாமில் இருந்ததை வெளியில் சொல்ல விரும்பாத குடும்பங்கள் எனக்கே நாலைந்து தெரியும். படம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

லமினேட் பண்ணட்டா என்று ஐயா கேட்டபோது வேண்டாம் என்றேன். சூட்டில் ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது. சம்பூருக்குக் கொண்டுபோனால் பெரியம்மா முதலில் கேட்டதே, "ஏன் மகள் லமினேட் பண்ணேல்ல? தண்ணி பட்டாலும் போகாதே, தூக்கிக்கொண்டு ஓடலாம்." சரி என்று புதுப் பிரதிகளை மட்டும் லமினேட் செய்து கொடுத்தேன்.

தறப்பாள் படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். இடப்பக்க மூலையைத் தொட்டு, "இந்தக் கிழிசல் நான் தைச்சது, மீன் வலை நூலாலை" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் புல்வெளிக் கதையையும் சொல்லி, போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். மனிசி சிரிக்கும் என்று பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் பிடித்தார்.

"இது நல்லா இருக்கே. கனடாவில இருக்கிற பிள்ளைக்கு இதை அனுப்பு. ஹோலில மாட்ட எனக்கும் ஒண்டு வேணும்."

திரும்பவும் கடைக்குப் போனேன். என் பேச்சுக்குப் பயந்து பையன் அந்தக் கோப்பை அழித்துவிட்டிருந்தான். புதிதாகச் செய்ய 1,500 ரூபா, புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறான். செவ்வரத்தைக்குப் பதில் மல்லிகை போடட்டுமா என்று கேட்டான். பெரியம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.