ஆழ்சிரை ஸ்டென்ட்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

ஆழ்சிரை ஸ்டென்ட் என்பது கால், இடுப்பின் உள்சிரை அடைபடாமல் திறந்து வைக்கும் வலைக் குழாய். இதயத்தில் வைக்கும் ஸ்டென்டை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோட்டால் ஆரம்பமே தப்பு. இதயத் தமனிக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 4 மி.மீ. விட்டம் போதும். இடுப்புக்குள் ஓடும் பொது இலியாக் சிரைக்கு 16 முதல் 18, வெளி இலியாக் சிரைக்கு 14, தொடையிடுக்குச் சிரைக்கு 12 மி.மீ. வேண்டும். வேலையும் வேறு. இடது இலியாக் சிரையை முன்னாலிருந்து வலது இலியாக் தமனி அழுத்துகிறது, பின்னால் முதுகெலும்பு முட்டுக்கொடுக்கிறது. மே, தர்னர் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் விவரித்த இந்த நசுக்கலால்தான் இடது கால் அதிகம் வீங்குகிறது. ஆக, நசுக்கலைத் தாங்கும் வலுவும், தொடையிடுக்கில் மடங்கினாலும் ஒடியாத நெகிழ்வும் ஒரே கருவியில் இருக்க வேண்டும்.

வால்ஸ்டென்ட் என்ற பழைய வகையில் பின்னல் கம்பி நடுவில் நன்றாக நிற்கும், நுனிகளில் தளரும். விரியும்போது நீளமும் குறையும். அதனால் அதை, இரு கால்களின் சிரைகளும் சேரும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் நீட்டி வைப்பார்கள். அது மற்றொரு காலின் சிரை வாயை மறைத்து அங்கேயும் ரத்தக் கட்டியை உண்டாக்கலாம். சிரைக்கென்றே செய்த ஸ்டென்டுக்கு அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் அனுமதி தந்தது 2019இல்தான். வெனோவோ, ஏப்ரே, சில்வர் வீனா போன்ற நிட்டினால் (நிக்கல், டைட்டானியம் கலவை) ஸ்டென்டுகள் நீளம் அதிகம் குறையாமல், குறித்த இடத்திலேயே விரிகின்றன. அதே வகையைச் சேர்ந்த விசி, நகர்ந்துவிடுகிறது என்ற புகாரால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. புதிது என்பதற்காக மட்டும் நம்பிவிட முடியாது. நகர்வதற்கு விட்டமும் நீளமும் போதாத ஸ்டென்டே முக்கியக் காரணம்; நகர்ந்தால் இதயம் வரை போகலாம்.

அளவெடுக்க ஐவஸ், அதாவது சிரைக்குள்ளேயே செலுத்தும் அல்ட்ராசவுண்ட், கட்டாயம். சாயம் செலுத்தி எடுக்கும் படம் மட்டும் போதாது. முன்பின்னாகத் தட்டையான சிரை, நேராக எடுத்த படத்தில் அகலமாகத் தெரிந்து ஏமாற்றும். தொடை நடுவில், முழங்காலுக்குப் பின்னால் அல்லது கழுத்தில் ஊசி போட்டு, கைடு வயர் என்ற வழிகாட்டும் மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்துவார்கள். பிறகு பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்து, மறுபடி பலூன், மறுபடி ஐவஸ். பலூன் விரியும்போது கீழ்முதுகு கடுமையாக வலிக்கும், சில நாட்கள் நீடிக்கவும் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவமனைக்கு எங்களிடம் மதிப்பெண் குறைவு.

ஸ்டென்ட் அடைபட்டால் பழி பெரும்பாலும் கம்பியின் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளி கீழிருந்து வரும் ஓட்டம். தொடைச் சிரையும் ஆழ்தொடைச் சிரையும் பழைய கட்டியால் சுருங்கிக் கிடந்தால், வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் மதகை அகலப்படுத்திய கதைதான். நோயுள்ள பகுதியை முழுவதும் மூடாமல் பாதியில் நிறுத்துவதும், இரண்டு ஸ்டென்டுகளுக்கு நடுவில் இடைவெளி விடுவதும் அடுத்த காரணங்கள். ஸ்டென்ட் வைத்த 982 சிரை அடைப்புகளை வைத்து மருத்துவர் நெக்லென் குழு 2007இல் வெளியிட்ட கணக்கில், வெறும் நசுக்கலுக்கு வைத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஆறு ஆண்டுகள் மறுசிகிச்சை இல்லாமலே ஸ்டென்ட் திறந்திருந்தது. பழைய கட்டி உள்ளவர்களில் அது 57 சதவீதம். ஆறாத புண்களில் 58 சதவீதம் ஐந்து ஆண்டுகளில் ஆறியிருந்தன. கால் புண்ணோடு வருடக்கணக்கில் கட்டுப்போடுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இதில் எங்களுக்குள்ள பெரிய மனக்குறை, ஸ்டென்டைத் தேவையில்லாமல் வைப்பதுதான். கால் தொந்தரவே இல்லாதவர்களின் சி.டி. படங்களைப் பார்த்த 2004 ஆய்வில், 24 சதவீதம் பேருக்குப் பாதிக்கு மேல் நசுக்கல் இருந்தது. உடலில் நீர்ச்சத்து குறைந்து மல்லாந்து படுத்தாலே சிரை தட்டையாகும். ஆகவே, ரிப்போர்ட்டில் உள்ள சதவீதத்தை மட்டும் காட்டி ஸ்டென்ட் பரிந்துரைத்தால் வேறொரு மருத்துவரிடமும் கேளுங்கள். இறுக்கமான காலுறையும் நடையும் பலிக்காத வீக்கம், நடந்தால் கால் வெடிப்பதுபோன்ற வலி, தோல் கறுத்து இறுகுவது, புண்: இவைதான் சரியான காரணங்கள்.

வைத்த பிறகு உறைவு தடுக்கும் மாத்திரையைச் சொந்தமாக நிறுத்தக் கூடாது. பழைய கட்டி உள்ளவர்களுக்குப் பொதுவாக 6 முதல் 12 மாதம், சிலருக்கு ஆயுள் முழுவதும். முதல் மாதத்தில்தான் அடைப்பு அபாயம் அதிகம். அதனால் மறுநாளும், இரண்டு வாரத்திலும், ஆறு வாரத்திலும் டாப்ளர் (ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன்) பார்க்கச் சொல்லும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். கால் திடீரென வீங்கினால் அன்றே டாப்ளர் எடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு உட்பட்ட புதுக் கட்டியைப் பெரும்பாலும் கரைக்கவோ உறிஞ்சி எடுக்கவோ முடியும். பிறகு அது நாராக இறுகி ஸ்டென்டோடு ஒட்டிக்கொள்ளும்.