அரிக்கமேடு வழிகாட்டி நடை: ஒரு மதிப்பீடு

புதுச்சேரியிலிருந்து, ரோமானிய உலகோடு வணிகம் செய்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டுக்கு அழைத்துச் செல்லும் இந்தக் காலைநேர நடையில் செய்திகளுக்குக் குறைவில்லை. 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய அரிட்டைன் மட்கலங்களும் மதுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்ததையும், கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸ் சொல்லும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவதையும் வழிகாட்டி பொறுமையாக விளக்கினார். தோப்புக்கிடையே நிற்கும் செங்கல் சுவர்களை ரோமானியர் கட்டியவை என்று எண்ணிவிடுவோர் உண்டு. அவை 18-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடத்தின் எச்சங்கள் என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்தியது பாராட்டத்தக்கது. ஆனால், இவ்வூரின் சொந்தப் பெருமையான கண்ணாடி மணி, கல்மணித் தொழிலை இரண்டே வாக்கியங்களில் முடித்துக்கொண்டது ஏமாற்றமளித்தது. ரோமானியர் மீதுதான் நமக்கு எத்தனை மோகம்! கட்டணம் நியாயமானது. வெயிலுக்கு முன் புறப்படும் குழுவில் பதிவு செய்துகொள்வது நல்லது.