கடைசி வாரங்கள்: ஐசியுவா, ஹாஸ்பிஸா, வீடா?

எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டு வருஷத்துக்குள் மூன்று பேர் புற்றுநோயில் போனார்கள். அப்பா ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில், சித்தி ஒரு ஹாஸ்பிஸில் (குணமாக்க முடியாத நோயாளிகளை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் இடம்), மாமியார் வீட்டில் தன் சொந்தக் கட்டிலில். மூன்று பேருக்கும் பக்கத்தில் இருந்தவள் நான். இப்போது தெரிந்தவர்கள் யாராவது போன் செய்து "எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது?" என்று கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் வருவார்கள்?

பகலில் எந்த இடமும் பரவாயில்லை என்றுதான் தோன்றும். டாக்டர் இருப்பார், மருந்துக் கடை திறந்திருக்கும், சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் மூன்றுக்கும் வித்தியாசம்.

அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். "இனி கீமோ வேண்டாம்" என்று டாக்டர் நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அடுத்து என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு ராத்திரி மூச்சு வாங்கியது. பதறிப்போய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒன்பது நாள் ஐசியு. காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், பச்சை கவுன் மாட்டிக்கொண்டு ஒருவர் மட்டும் உள்ளே போகலாம். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். வாயில் டியூப், பேச முடியாது. கட்டிய கையின் ஒரு விரலை மட்டும் அசைத்து அம்மாவைக் கூப்பிட்டார். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் கடைசி. ஒன்பதாம் நாள் விடியற்காலை, கீழே வராண்டாவில் பாய் விரித்துப் படுத்திருந்த எங்களுக்குச் சேதி போனில்தான் வந்தது.

இதை வைத்து ஐசியுவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நோய் முற்றியவருக்கும் சரிசெய்யக்கூடிய சிக்கல்கள் வரும். நிமோனியா வரலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், கால்சியம் ஏறிக் குழப்பமாகப் பேசலாம். நாலைந்து நாள் சிகிச்சையில் தெளிந்து, வீட்டுக்கு வந்து, பேத்தி கல்யாணத்தைப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே டாக்டரிடம் "காப்பாற்ற முடியுமா?" என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். அதற்கு யாருமே "முயற்சி செய்வோம்" என்றுதான் சொல்வார்கள். "இந்தச் சிக்கல் சரியானால் எந்த நிலையில் வீட்டுக்கு வருவார்? எழுந்து உட்காருவாரா, பேசுவாரா?" என்று கேளுங்கள். அப்பா விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தெரியாமல் போனதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

வென்டிலேட்டர் போட்ட பிறகு எடுக்கவே முடியாது, சட்டம் விடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மீள வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. "எனக்கு இப்படி ஆனால் இதெல்லாம் செய்யாதீர்கள்" என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையும் அதில் உண்டு. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். அப்படி எதுவும் எழுதிவைக்கவில்லை என்றாலும், குடும்பத்தின் சம்மதத்தோடு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறது. சொத்துக்கு உயில் எழுதுகிற நாம் இதற்கும் ஒரு தாள் எழுதலாம்.

நம் ஊரில் ஐசியுவிலிருந்து வெளியே வர இன்னொரு பாதையும் உண்டு. கையில் காசு தீர்ந்ததும், டாக்டர் அறிவுரைக்கு எதிராக அழைத்துப்போகிறோம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். வலிக்கு மாத்திரை, மூச்சுத் திணறலுக்கு மருந்து, ராத்திரி கூப்பிட ஒரு நம்பர், எதுவும் கையில் இருக்காது. இதை "வீட்டில் வைத்துப் பார்ப்பது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வீட்டுப் பராமரிப்பு என்றால் என்ன என்று மாமியாரின் கடைசி ஏழு வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதற்கு முன்னால் சித்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஹாஸ்பிஸ் என்றதும் "சாவதற்கென்றே ஒரு வீடா?" என்று முகம் சுளிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்தக் காலத்து ஹாஸ்பிஸ் 1967-ல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸிலிருந்து வளர்ந்தது. உடம்பு வலியோடு மன வலி, பணக் கவலை, "நான் போனபின் இவர்கள் என்ன ஆவார்கள்" என்ற தவிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலி என்று சொன்னவர் அவர். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பையின் சாந்தி அவேத்னா சதன், 1986-ல் வந்தது. பெங்களூரில் கருணாஷ்ரயா, சென்னையில் ஜீவோதயா என்று நமக்கு எட்டும் தூரத்திலும் உண்டு. நன்கொடையில் நடப்பவை என்பதால் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி வெடித்துப் புண்ணாகியிருந்தது. வலியைவிட அவளைக் கொன்றது அந்த வாடை. வீட்டில் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள், அது இன்னும் மோசம். பேரனை அறைக்குள் விடாதே என்று அவளே சொல்லிவிட்டாள். ஹாஸ்பிஸில் சேர்த்த முதல் நாள், சிஸ்டர் புண்ணை உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி பண்ணி மேலே தூவிக் கட்டுப் போட்டார். வயிற்றுப்போக்குக்கு நாம் போடுகிற அதே மாத்திரைதான், சில ரூபாய் விலை. நாலாம் நாள் வாடை அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேரன் கட்டிலில் ஏறி அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். இத்தனை மாதம் நாங்கள் அலைந்த மருத்துவமனைகளில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

ராத்திரிகளைப் பொறுத்தவரை ஹாஸ்பிஸ்தான் மற்ற இரண்டையும்விட மேல். வலி என்று முனகினால் சில நிமிஷத்தில் ஒருவர் வருகிறார், மருந்து கையிலேயே இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கலாம், தூங்கவும் செய்யலாம். ஆனால் எண்ணிக்கை குறைவு, எங்கள் ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். பல ஹாஸ்பிஸ்கள் புற்றுநோயாளிகளை மட்டுமே சேர்க்கின்றன. சிறுநீரகம் செயலிழந்தவர், நுரையீரல் கெட்டவர், மறதிநோயில் படுத்த படுக்கையானவர் ஆகியோருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அப்புறம் சொந்தக்காரர்கள். "பெத்த தாயைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுட்டாங்க" என்ற பேச்சு சித்தி மகளை இன்னும் துரத்துகிறது. அவள் ஒரே பிள்ளை, சென்னையில் வாடகை வீடு. சாவு விழும் என்று தெரிந்தால் வீட்டை காலி பண்ணச் சொல்லும் ஓனர்களைப் பற்றி, அந்தப் பேச்சைப் பேசியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது சரியான முடிவு. எத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்வேன்.

மாமியாருக்கு நுரையீரலில். "என்னை எங்கேயும் தூக்கிட்டுப் போகாதே, முற்றத்து வேப்பமரம் தெரியுற மாதிரி கட்டிலைப் போடு" என்று சொல்லிவிட்டார். எங்களால் முடிந்தது. ஏனென்றால் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், எழுபத்தாறு வயதானாலும் திடமாக இருந்த மாமா. பக்கத்து டவுனில் உள்ள ஒரு அறக்கட்டளையின் பாலியேட்டிவ் சிஸ்டர், அதாவது நோயாளியின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் பராமரிப்பு தரும் செவிலியர், வாரம் இரண்டு முறை வருவார், ராத்திரி போன் செய்தாலும் எடுப்பார். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் வீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். முறை மாற்றிக்கொள்ளக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும், எடுக்கப்படும் ஒரு போன் நம்பர் வேண்டும்.

சிஸ்டர் முதல் நாள் செய்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஆக்சிஜன் பற்றிப் பேசுவார் என்று நினைத்தோம். டேபிள் ஃபேனை எடுத்து அத்தையின் கன்னத்தில் காற்று படுகிற மாதிரி திருப்பி வைத்தார். முகத்தில் காற்று பட்டால் மூச்சுத் திணறும் உணர்வு குறையுமாம். பத்து நிமிஷத்தில் அத்தையின் தோள் இறங்கியது. அப்புறம் மார்ஃபின், அபினியிலிருந்து எடுக்கும் வலுவான வலி மருந்து. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, படுக்கும்போது பத்து மணிக்கு இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே மலமிளக்கி கட்டாயம், ஏனென்றால் மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல் வராமல் இருக்காது. சாப்பிட்ட மாத்திரையை ஒரு பள்ளிக்கூட நோட்டில் மாமா டிக் அடித்துக்கொண்டே வந்தார்.

மார்ஃபின் என்றதும் பயந்தவர்களில் நானும் ஒருத்தி. "அது கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்", "போதைக்கு அடிமையாகிவிடுவார்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வலிக்கோ மூச்சுத் திணறலுக்கோ டாக்டர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை, இப்படி வலிக்காக எடுப்பவர் போதைக்கு அலைவதும் அபூர்வம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் சட்டப்படி அபினி விளைகிறது, ஆனாலும் 1985-ன் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நோயாளிகளுக்கு அது எட்டாமலே இருந்தது. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வாங்கி வைப்பது எளிதானது. இன்றும் சாதாரண மெடிக்கலில் கேட்டால் இல்லை என்பார்கள். ஆகவே எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் "உங்களிடம் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர்கள் சொல்லும் "வலி நிவாரணம்" பாதிதான்.

வீட்டில் கஷ்டமே இல்லையா? நிறைய உண்டு. நான் நாற்பது நாள் வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு போட்டேன். ஐசியு செலவு பில்லில் தெரியும், வீட்டுச் செலவு பெரும்பாலும் மகளோ மருமகளோ விட்ட வேலையில் ஒளிந்திருக்கும், அதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண். ஏர் பெட் அறக்கட்டளையே இரவல் தந்தது. உணவு இறங்காதபோது "ட்ரிப்ஸாவது போடுங்க" என்று வந்தவரெல்லாம் சொன்னார்கள். கடைசி நாட்களில் உடம்பு தண்ணீரை ஏற்காது, ஏற்றினால் நெஞ்சில் கோத்துக்கொண்டு திணறல்தான் கூடும் என்று சிஸ்டர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். பால் ஊற்றுகிற வழக்கத்தை மட்டும் அவர் தடுக்கவில்லை. ஊற்ற வேண்டாம், பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுங்கள் என்றார். எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

கடைசி ராத்திரி தொண்டையில் கரகரவென்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் 108-க்கு அடிக்கப் போனார். மாமா கையைப் பிடித்து நிறுத்தினார். அதை நாங்கள் முன்னாலேயே பேசி வைத்திருந்தோம்: ஆம்புலன்ஸ் வந்தால் மருத்துவமனைக்குத்தான் போகும், அங்கே நெஞ்சை அழுத்துவதிலிருந்து எல்லாம் தொடங்கும். வீட்டில் என்று முடிவு செய்பவர்கள் இதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிஸ்டருக்குப் போன் செய்தேன், மணி இரண்டரை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், அந்தச் சத்தம் நமக்குத்தான் கஷ்டம், அவருக்குத் தெரியாது என்றார். நாலே முக்காலுக்கு நின்றது. மாமா கை அத்தையின் கையில் இருந்தது.

ஒரு காரியமான விஷயமும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் பதிவு செய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. வீட்டில் இறந்தால் நாம்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடம். பார்த்துவந்த டாக்டர் இறப்பின் காரணத்தை எழுதித் தருவாரா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

எங்களுக்கு அமைந்த மாதிரி அறக்கட்டளை எல்லா ஊரிலும் இல்லை. கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய முயற்சி, 2008-ல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்து மூலமே வீட்டுக்கு நர்ஸ் போகிறார். நம் பக்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் (பாலியேட்டிவ் பராமரிப்பு) சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் செவிலியர் வீட்டுக்கு வருவார். அதோடு ராத்திரிக்கு ஒரு வழியும் வேண்டும். வலி அடங்காமல் போனால் சில நாள் ஹாஸ்பிஸில் சேர்த்து, மருந்து அளவைச் சரிசெய்து, திரும்ப வீட்டுக்கு அழைத்து வரலாம். வீடு, ஹாஸ்பிஸ் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஏர் பெட்டை எடுத்துப் போக சிஸ்டர் வந்தார். மிச்சமிருந்த மார்ஃபின் அட்டையை எண்ணி, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கிளம்புவார் என்று நினைத்தோம். திண்ணையில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டார். அன்றுவரை யாரிடமும் அழாத மாமா, "பத்து மணிக்கு மாத்திரை கொடுக்க முழிச்சிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டார். சிஸ்டர் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார்.